சாம்பல் நீரும் சமத்துவமும்

ஒரு நீர். தீட்டுப்பட்டவன் மீது தெளித்தால் அவன் தூய்மை பெறுவான். தெளித்தவனோ தீட்டுப்பட்டு, தன் உடையைத் தோய்க்க வேண்டும்! அதைத் தொட்டவனும் மாலைவரை தீட்டுடையவனே! ஆற்றங்கரையில் அன்றாடம் துணி வெளுக்கும் தோழரைக் கேளுங்கள். அழுக்கைப் போக்கும் நீர், போக்கியவனையே அழுக்காக்கும் விந்தையைக் கண்டதுண்டா என்று. நகைப்பார் அவர். ஆனால் வேதம் நகைக்கவில்லை. பழைய ஏற்பாட்டின் எண்ணாகமம், 19ஆம் அதிகாரத்தில், இதனை நித்திய கட்டளை என்று நெற்றியில் எழுதி நிறுத்தியிருக்கிறது.

அந்த நீர் பிறந்த கதையைக் கேளுங்கள். பழுதற்ற, நுகத்தடி ஏறாத சிவப்புக் கிடாரி ஒன்று வேண்டும். பாளயத்துக்கு வெளியே அதனை வெட்ட வேண்டும். ஆசாரியன் அதன் குருதியை ஏழு முறை தெளிக்க வேண்டும். தோலும் இறைச்சியும் குருதியும் சாணமும் ஒருசேர எரியும்போது, கேதுருக் கட்டையும் ஈசோப்பும் சிவப்பு நூலும் நெருப்பில் விழ வேண்டும். சாம்பலை அள்ளி, ஊற்று நீரில் கலந்து, பிணத்தைத் தொட்டவன் மீது மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளித்தால் தீட்டு தொலைந்ததாம்! தந்தை இறந்தால் தனயன் தொடாமல் யார் தொடுவது? அன்பின் கடைசிக் கடமையைச் செய்தவனுக்கு ஏழு நாள் விலக்கு. இதுதான் கட்டளை!

பெற்றெடுத்த தாயையாவது விட்டார்களா? லேவியராகமம், 12ஆம் அதிகாரம் கணக்குப் போடுகிறது. ஆண் பிள்ளை பெற்றால் 7 நாளும் 33 நாளும், ஆக 40 நாள். பெண் பிள்ளை பெற்றால் 14 நாளும் 66 நாளும், ஆக 80 நாள்! வலி ஒன்று, குருதி ஒன்று, தொட்டில் ஒன்று. தீட்டு மட்டும் இரண்டு மடங்கா? இது உடல்நலத்துக்காக வகுத்த ஒழுங்கு என்று வாதிடும் போதகர்கள் உளர். நாம் கேட்கிறோம்: பெண் மகவு பிறந்த வீட்டில் நோய்க்கிருமி இரட்டிப்பாகிறதா? உடல்நலந்தான் நோக்கமெனில் ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் எதற்கு? ஏழையாயின் இரு பறவைகள் போதுமென்று சலுகை காட்டுகிறார்களே, கிருமி பணப்பையைப் பார்த்தா விலகும்?

நியாயத்தையும் சொல்லிவிடுவோம். பழைய இசுரவேலரிடம் தீட்டு வேறு, பாவம் வேறு. ஆணின் விந்துக்கும் தீட்டு உண்டு. ஆசாரியனும் அதற்குத் தப்பவில்லை. பாலைவெளியில் அலைந்ததாக நினைவு கொண்ட ஒரு கூட்டம், பிறப்பையும் இறப்பையும் கண்டு அஞ்சி, குழப்பத்துக்கு வேலிகட்டி, உலகை ஒழுங்குபடுத்த முயன்ற முயற்சி இது. மேரி டக்ளஸ் என்ற மானிடவியல் அறிஞர் 1966ல் வெளியிட்ட நூலில், இவ்விதிகளை மருத்துவமாக அல்ல, சமூக ஒழுங்கின் சின்னங்களாகவே படித்துக் காட்டினார். அந்தக் கால மனிதனின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. அந்த அச்சத்தை ஆண்டவன் ஆணையாக்கி, அடுத்த தலைமுறைகளின் கழுத்தில் கட்டியதைத்தான் கண்டிக்கிறோம்.

கட்டியதன் விலை என்ன? தோலில் வெண்தடிப்புக் கண்டவன் உடையைக் கிழித்து, ‘தீட்டு, தீட்டு’ என்று கூவிக்கொண்டு பாளயத்துக்கு வெளியே தனித்துக் கிடக்க வேண்டுமென்றது 13ஆம் அதிகாரம். அந்த நோயின் எபிரெயப் பெயர் துணிக்கும் உண்டு, வீட்டுச் சுவருக்கும் உண்டு! சுவருக்குத் தொழுநோய் வருமா? பல்வகைத் தோல் கோளாறுகளையும் பூஞ்சணத்தையும் ஒரே சொல்லில் அடக்கினர். பிற்காலத்தார் அதனைக் குஷ்டம் என்று மொழிபெயர்த்தனர். 1873ல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். இன்று மாத்திரைகளால் அந்நோய் குணமாகிறது. ஆயினும், நோயாளியைச் சாபம் பெற்றவனாய்ப் பார்க்கும் கண்களுக்கு ஏட்டின் அந்தப் பக்கமன்றோ மை தீட்டியது!

ஐயம் அன்றே எழுந்தது. கி.பி. 70ல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்த காலத்தவர் யோகனான் பென் சக்காய் என்னும் யூத அறிஞர். சிவப்புக் கிடாரிச் சடங்கு சூனியம் போலிருக்கிறதே என்று ஓர் அயலான் கேட்டபோது எதையோ சொல்லி அனுப்பினாராம். எங்களுக்கு என்ன விடை என்று மாணவர் மடக்கினர். பிணம் தீட்டாக்குவதுமில்லை, நீர் தூய்மையாக்குவதுமில்லை. அரசன் கட்டளை, ஆகவே கேள்வி கேட்காதே என்றாராம். யூத மரபே பாதுகாத்து வைத்த கதை இது. நாணயமான ஒப்புதல்! காரணம் இல்லை, கட்டளை மட்டுமே உண்டு என்று குருவே கூறிய பின், கைகட்டி நிற்பதுதான் பக்தியா?

இனிக் கிறித்தவத் தோழர்களிடம் வருகிறோம். உங்கள் நாசரேத்தார் தொழுநோயாளியைத் தொட்டார் என்கிறது மாற்கு சுவிசேஷம். பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் ஒதுக்கப்பட்டவள் அவர் ஆடையைத் தொட்டபோது, ‘மகளே’ என்றார். வெளியிலிருந்து உள்ளே போவதல்ல, உள்ளிருந்து வெளியே வரும் தீய எண்ணமே மனிதனைத் தீட்டாக்கும் என்று போதித்தார். குணமானவனை ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொன்னதும் அதே ஏட்டில் உண்டு, மறைக்கவில்லை நாம். அற்புதங்களை நாம் ஏற்பதில்லை. ஆனால் ஊர் ஒதுக்கியவனை நோக்கி நீண்ட கையை மதிக்கிறோம்.

அந்தக் கையைத் திருச்சபை என்ன செய்தது? மரியாளையே 40 நாள் கழித்து இரு பறவைகளோடு ஆலயத்துக்கு அனுப்பிய லூக்காவின் கதையை விழாவாக்கியது. பிப்ரவரி 2ஆம் நாள் பல நூற்றாண்டுகள் மரியாளின் ‘சுத்திகரிப்புத் திருநாள்’! 1549ல் இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூல், ‘பெண்களின் சுத்திகரிப்பு’ என்றே ஒரு சடங்கை அச்சிட்டது. 1552ல் பெயரை மாற்றி ‘நன்றி செலுத்துதல்’ என்றனர். பெயர் மாறியது, பிள்ளை பெற்றவள் சடங்கு முடித்தே சபை ஏறவேண்டுமென்ற எண்ணம் ஊராரிடம் எளிதில் மாறவில்லை. கிழக்குத் திருச்சபைகளில் 40ஆம் நாள் மன்றாட்டு இன்றும் நடக்கிறது. 2022ல் அமெரிக்காவின் டெக்சாசிலிருந்து ஐந்து சிவப்புக் கிடாரிகள் இசுரேலுக்கு விமானமேறின. உதவியோரில் கிறித்தவர்களும் உண்டு! கிடாரியின் சாம்பலுக்கு இனி வேலையில்லை, கிறித்துவின் குருதியே போதுமென்று சொல்வது உங்கள் எபிரெயருக்கு எழுதிய நிருபமன்றோ? அதை நம்பினால் கிடாரி எதற்கு? கிடாரி வேண்டுமெனில் நிருபம் எதற்கு?

நம் மண்ணிலும் கேள்வி உண்டு. நெல்லைச் சீமை வடக்கன்குளத்துக் கோயிலுக்குள் வேளாளக் கிறித்தவரையும் ஏனைய சாதிக் கிறித்தவரையும் பிரித்து நின்ற சுவர் 1910ல் இடிக்கப்பட்டது. இடித்தாரே என்று நீதிமன்றம் ஏறினர் சாதியைப் பிடித்தோர்! லேவியராகமம் கூடச் சாதி சொல்லவில்லை. அதன் தீட்டுக்கு மாலை உண்டு, ஏழாம் நாள் உண்டு, 80ஆம் நாளும் உண்டு. சாதித் தீட்டுக்கோ விடியலே இல்லை. பழைய இசுரவேலன் வெட்கப்படும் தீட்டை, தொழுநோயாளியைத் தொட்டவரின் பெயரால் காத்தனர்.

இளைஞர்களே, நாம் வேண்டுவது ஏட்டெரிப்பு அல்ல, ஏட்டாராய்ச்சி. காரணம் கேளுங்கள். காரணம் கிடைத்தால் கைக்கொள்ளுங்கள். கட்டளை மட்டுமே கிடைத்தால் கைவிடுங்கள். தாயின் குருதி தீட்டல்ல. பிணம் சுமந்த தோள் தீட்டல்ல. நோயுற்ற மேனி தீட்டல்ல. மனிதனை மனிதன் ஒதுக்கும் எண்ணம் ஒன்றே தீட்டு. அதைக் கழுவ எந்தக் கிடாரியின் சாம்பலும் போதாது. அறிவு வேண்டும், அன்பு வேண்டும், சுவரை இடிக்கும் துணிவும் வேண்டும்!