காசு கட்டி ஓடும் கூட்டம்: தர்மத்துக்கா, உடம்புக்கா?
முதல் மராத்தானுக்கு இறங்குவோர் அறிய வேண்டியது என்ன?

கோவை-

விடியற்காலை 5 மணி. ரேஸ்கோர்ஸ் ரோட்டில் இன்னும் இருட்டு விலகவில்லை. பால் வண்டிகள் வரும் நேரம். அதற்குள் அரைக்கால் சட்டையும் கேன்வாஸ் ஷூவுமாக ஒரு கூட்டம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

டாக்டர்கள், வக்கீல்கள் மட்டும் அல்ல. பாங்கி குமாஸ்தாக்கள், பஞ்சாலை அதிகாரிகள், ஜவுளிக்கடை உரிமையாளர்கள், இல்லத்தரசிகள் எல்லோரும் இதில் உண்டு. பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பஸ்சைப் பிடிக்கக்கூட ஓடாதவர்கள்.

"ஏனுங்க, காசு குடுத்து ஓடோணுங்களா? சும்மா ஓடுனா ஆகாதுங்களா?" என்று டீக்கடையில் நிற்பவர்கள் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. பதில் ஒரே வரியில் அடங்காது.

2013ல் தொடங்கியது

புற்றுநோய் விழிப்புணர்வுக்காகவும், நோயாளிகளுக்கு உதவுவதற்காகவும் இயங்கும் கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2013ம் ஆண்டு "கோவை மராத்தான்" தொடங்கப்பட்டது. முதல் ஓட்டம் அக்டோபரில் நடந்தது. அண்மை ஆண்டுகளில் டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமையில் நடந்து வருகிறது. 21.1 கி.மீ., 10 கி.மீ., 5 கி.மீ. என்று பிரித்து, ஆயிரக்கணக்கானோர் கலந்து கொள்கிறார்கள்.

இதையொட்டி நகரில் ஓட்டக் குழுக்கள் வளர்ந்தன. புதியவர்களைச் சேர்த்து மாதக் கணக்கில் பழக்குகிறார்கள். "இந்த வருஷம் 10, அடுத்த வருஷம் 21, அப்புறம் 42" என்று ஆசை ஏறிக்கொண்டே போகிறது.

முழு மராத்தான் என்பது 42.195 கி.மீ. கோவைக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்வது என்றால், உக்கடத்தில் பஸ் ஏறி ஏறக்குறைய பொள்ளாச்சியில் இறங்கும் தூரம். அரை மராத்தான் என்றால் கிணத்துக்கடவு. ரேஸ்கோர்ஸ் வட்டம் சுமார் இரண்டரை கி.மீ. முழு மராத்தானுக்கு அதை 17 தடவை சுற்ற வேண்டும்!

ஒற்றைக்கால் வாலிபர்

ஓட்டத்துக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

கனடா நாட்டில் டெர்ரி பாக்ஸ் என்று ஒரு வாலிபர். புற்றுநோய் காரணமாக 1977ல் 18 வயதில் வலது காலை இழந்தார். 1980 ஏப்ரல் மாதம் செயற்கைக் காலுடன் நாட்டின் ஒரு கரையில் இருந்து மறுகரை நோக்கி ஓடத் தொடங்கினார். தினமும் கிட்டத்தட்ட ஒரு முழு மராத்தான் தூரம். கனடா மக்கள் ஆளுக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்பதே அவர் கேட்டது.

143 நாளில் 5,373 கி.மீ. ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பரில் நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 ஜூன் மாதம் 22 வயதில் இறந்தார். அவர் கேட்ட பணம் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. அவர் பெயரால் இன்றும் பல நாடுகளில் ஓட்டம் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் நடத்தி வருகிறார்கள்.

அதே 1981ல் தொடங்கிய லண்டன் மராத்தான் மூலம் இதுவரை 100 கோடி பவுனுக்கு மேல் தர்ம காரியங்களுக்குச் சேர்ந்துள்ளது. 2004ல் தொடங்கிய மும்பை மராத்தானும் இதே வழியில் நன்கொடை திரட்டுகிறது.

கட்டணம் வேறு, நன்கொடை வேறு

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்.

ஓட்டத்துக்குக் கட்டும் பணம் முழுவதும் நோயாளிக்குப் போகிறது என்று நினைப்பது தவறு. பனியன், மெடல், தண்ணீர், ஆம்புலன்ஸ், கால நேரம் குறிக்கும் கருவி ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. எந்த ஊர் மராத்தான் ஆனாலும் இதுதான் நிலை. தர்மத்துக்குக் கணிசமான தொகை சேர்வது கம்பெனிகள் தரும் உதவியாலும், ஓடுகிறவர் தம் சொந்த பந்தங்களிடமும் சிநேகிதர்களிடமும் கேட்டு வாங்கித் தரும் நன்கொடையாலும்தான்.

லண்டனில் தொகை பெருகியதற்குக் காரணமும் இதுவே. ஒருவர் ஓடுவார். அவருக்காக 50 பேர் பணம் தருவார்கள். நம் ஊரில் ஓடுகிறவர்கள் கூடிய அளவுக்கு, கேட்டு வாங்கும் பழக்கம் கூடவில்லை. மொய் எழுதுவதில் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கல்யாணத்துக்கு எழுதுகிற கை இதற்கும் எழுதலாமே!

பணத்தின் தேவை உண்மையானது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதி உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. ஆனால் தாராபுரத்தில் இருந்தோ சத்தியமங்கலத்தில் இருந்தோ வாரா வாரம் கோவைக்கு வரும் நோயாளிக்குப் பஸ் கட்டணம், தங்கும் செலவு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி எல்லாம் கைக்காசுதான். குடும்பம் நொடிந்து போவது இந்தச் சில்லறைச் செலவில்தான்.

ஆகவே ஓட்டத்தில் சேருகிறவர்கள், "எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு, எவ்வளவு நோயாளிக்கு?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நன்கொடைக்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும். கணக்கைத் தானாகவே வெளியிடும் அமைப்புக்கு மறு வருஷம் கூட்டம் கூடும்.

மூன்று மாதத்தில் முடியுமா?

இனி உடம்பு விஷயம்.

டிசம்பர் ஓட்டத்துக்கு ஆயுத பூஜை முடிந்து ஓடத் தொடங்குகிறவர்கள் உண்டு. 5 கி.மீ. என்றால் சரி. 42 கி.மீ.க்கு அது ஆபத்தான அவசரம்.

மனித உடம்பில் தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2 ஆயிரம் கலோரி தரும். 65 கிலோ எடை உள்ளவர் 42 கி.மீ. ஓட ஏறக்குறைய 2,700 கலோரி வேண்டும். கணக்கு இடிக்கிறது அல்லவா? அதனால்தான் 30 கி.மீ. தாண்டியதும் பலருக்குக் கால் மரத்து, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. பல மாதப் பயிற்சி இருந்தால் உடம்பு கொழுப்பை எரித்துச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. வழியில் வாழைப்பழம் போன்றவை சாப்பிடவும் பழக வேண்டும்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் முறை இதுதான்:

முதலில் 5, பிறகு 10, அதற்குப் பிறகு அரை மராத்தான். அதை முடித்தவர் முழு மராத்தானுக்கு மேலும் 4, 5 மாதம் பழக வேண்டும். வாரத்தில் 4 நாள் ஓட்டம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்டி 30 அல்லது 32 கி.மீ. வரை கொண்டுபோனால் போதும். நாலு வாரத்துக்கு ஒரு வாரம் குறைக்க வேண்டும். கடைசி 2, 3 வாரம் நன்றாகவே குறைத்துவிட வேண்டும். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

புது ஷூவையும் புதுச் சாப்பாட்டையும் ஓட்டத்தன்று முதன் முதலாகச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

தண்ணீரிலும் நிதானம் வேண்டும். 2002ல் அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 100க்கு 13 பேருக்கு உப்பு அளவு குறைந்திருந்தது. தேவைக்கு மேல் குடித்ததே முக்கிய காரணம். தாகத்துக்குக் குடிக்க வேண்டும். பயத்துக்குக் குடிக்கக் கூடாது.

"ஓடினால் மாரடைப்பு வருமா?"

வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி இது.

அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மராத்தான், அரை மராத்தான் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரின் விவரத்தை ஆராய்ந்தார்கள். 59 பேருக்கு இதயத் துடிப்பு நின்றது. அதில் 42 பேர் இறந்தார்கள். அதாவது சுமார் 1 லட்சத்து 84 ஆயிரம் பேரில் ஒருவருக்கு இந்த ஆபத்து.

அபூர்வம்தான். ஆனால் அவர்களில் பலருக்கு ஏற்கனவே இதயத்தில் கோளாறு இருந்திருக்கிறது. அது அவர்களுக்கே தெரியாது. ஆகவே 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகே இறங்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர்கள் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்ததால் பிழைத்தவர்களும் உண்டு. ஒவ்வொரு ஓட்டக் குழுவிலும் இந்த முதலுதவி தெரிந்த நாலு பேராவது இருக்க வேண்டும்.

ஓட்டம் கொல்லவில்லை; ரோடு கொன்றது

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

பஞ்சாபைச் சேர்ந்த பவுஜா சிங், மகனைப் பறிகொடுத்த துக்கத்தை மறக்க ஓடத் தொடங்கியவர். 2000ம் ஆண்டு லண்டனில் முதல் மராத்தான் ஓடினார். அப்போது தமக்கு வயது 89 என்றார். குறைமாதக் குழந்தைகளுக்காகப் பாடுபடும் ஒரு தர்ம அமைப்புக்காகவே அவர் ஓடினார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகம் அவரை ஏற்கவில்லை. உலகம் ஏற்றுக்கொண்டது.

அத்தனை மராத்தான்களிலும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2025 ஜூலையில் சொந்த ஊரில் ரோட்டைக் கடந்தபோது ஒரு கார் மோதி இறந்தார்.

கோவையில் ஓடுகிறவர்களும் இதைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். ரேஸ்கோர்சில் நடைபாதை உண்டு. ஆனால் 30 கி.மீ. பழக வேண்டியவர் அதிலேயே 12 சுற்று சுற்ற முடியாமல் அவினாசி ரோட்டுக்கும் திருச்சி ரோட்டுக்கும் போகிறார். இருட்டு, லாரி, தெருநாய், மூடாத குழி என்று எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். தனியாக ஓட விரும்பும் பெண்களுக்கு இன்னும் சங்கடம். ஒலிம்பிக்கிலேயே 1984ல்தான் பெண்களுக்கு மராத்தான் வந்தது. அந்தக் கதவு திறந்து 40 வருஷத்துக்கு மேல் ஆகியும், விடியற்காலை ரோடு அவர்களுக்கு முழுசாகத் திறக்கவில்லை.

மராத்தான் நடக்கும் ஒரு நாளில் போலீசார் ரோட்டை மறித்துப் பாதுகாப்புத் தருகிறார்கள். மற்ற நாட்களிலும் ஞாயிறு காலை 5 மணி முதல் 7 மணி வரை ஒரு ரோட்டையாவது ஓடுகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் ஒதுக்கினால் என்ன? மாநகராட்சியும் போலீசும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் முடியாத காரியம் அல்ல. தெருவிளக்கை 6 மணிக்கு முன்பே அணைக்காமல் இருந்தாலே பாதி உபகாரம்.

அதுவரை ஓடுகிறவர்கள் கும்பலாக ஓட வேண்டும். வண்டிக்கு எதிர்ப்பக்கமாக, பளபளக்கும் சட்டை போட்டு ஓட வேண்டும். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொள்ளக் கூடாது.

டீக்கடைக் கேள்விக்குப் பதில் இதுதான்: சும்மாவும் ஓடலாம். உடம்புக்கு அதுவே போதும். தினசரி உடற்பயிற்சி, பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் குறைக்கிறது என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டுள்ளது. காசு கட்டி ஓடுவது, நோய் வந்துவிட்ட இன்னொருவருக்காக. அந்தக் காசு அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிற பொறுப்பும் ஓடுகிறவருக்கு உண்டு.