தளர்ந்தும் விலகாத வீரர்

‘புகழின் உச்சியிலேயே வீரன் விலகிவிட வேண்டும்’ என்பர் சிலர். யான் அதற்கு உடன்படேன். பெல்சிய நாட்டு எடி மெர்க்சு பிரான்சைச் சுற்றிவரும் மிதிவண்டிப் பந்தயத்தில் 5 முறை வென்றவர். 1975ஆம் ஆண்டில், தம் முப்பதாம் அகவையில், ஆறாம் வெற்றியை நாடிப் புறப்பட்டார். ஆல்ப்சு மலையேற்றத்தில் அவர் கால்கள் தளர்ந்தன. இளையவரான பிரெஞ்சு வீரர் பெர்னார் தெவெனே அவரைக் கடந்து சென்றார். முதலிடத்தார்க்குரிய மஞ்சள் சட்டையும் கைம்மாறிற்று. சில நாளில் மெர்க்சு கீழே வீழ்ந்தார். கன்ன எலும்பு முறிந்தது. விலகுமாறு மருத்துவர் கூறினர். அவரோ, மெல்ல இயலாமையால் நீருணவே உண்டு, பாரிசு வரை ஓட்டி இரண்டாமவராய் வந்தார். மாணவர்காள், அவர் இடையில் விலகியிருப்பின், ‘மெர்க்சு இருந்திருந்தால்?’ என்னும் ஐயம் இளையவரின் வெற்றியை விடாது தொடர்ந்திருக்குமன்றோ? 1977ஆம் ஆண்டு ஓட்டத்தை மட்டும் தவிர்த்திருக்கலாமோ என எனக்கும் தோன்றுவதுண்டு. அன்று கிட்டியது ஆறாம் இடமே. மறு ஆண்டில் அவர் ஓய்வு பெற்றார்.