ஆயா சொன்ன எல்லை

ஏரிக்கரைக்குக் கீழே, வேலிகாத்தான் முள்ளுக்கு நடுவில் ஒரு மண்மேடு. கல் கிடையாது, பெயர் கிடையாது. நடமாட முடிந்த மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் என் ஆயா என்னை இழுத்துப் போய் அங்கே நிறுத்தும். "இங்கதாண்டா உங்க முப்பாட்டன் படுத்துக் கீறாரு. மேக்கால பனமரம், தெக்கால ஓட, கெழக்கால கெணறு. நடுவுல கீறது தொர குடுத்த நெலம். மறந்துடாத." சின்ன வயசில் அது எனக்கு வெறும் கிழவிக் கதை. ஆயா செத்து வெகுநாள் கழித்து, நம் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் 'தொர' யாரென்று விளங்கியது.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். காஞ்சிபுரம் அன்றைக்கு அந்த ஜில்லாவில்தான் இருந்தது. நம் ஆட்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதார் தயவில் இருப்பதை அவர் எடுத்துச் சொன்னார். 1892இல் வந்த ஆணைப்படி ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். பத்து வருடம் விற்கக் கூடாது, அதன் பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை தாளோடு நின்றது. எங்கள் நிலம் போன கதையை ஆயா ஒரே வரியில் முடித்துவிடும்: "கைநாட்டு வாங்கினாங்க, அவ்ளோதான்."

இது கல்வெட்டு ஊர். கோயில் மதிலில் விளக்கெரிக்க யார் நிலம் கொடுத்தான், அதற்குக் கீழெல்லை எது, மேலெல்லை எது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயில் நிலத்துக்குக் கல் சாட்சி. முப்பாட்டன் நிலத்துக்கு ஆயாவின் வாய்தான் சாட்சி. கல்லில் இருந்தால் வரலாறு, கிழவி சொன்னால் கட்டுக்கதை என்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் அப்படி நினைக்கவில்லை. ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன் கொடுத்த திருக்குறள் ஓலைதான் எல்லிஸ் துரை கைக்குப் போனது என்று எழுதி வைத்தார். அவர் எழுதியிராவிட்டால் கந்தப்பன் பெயரும் இப்படி ஒரு மேட்டுக்குள் போயிருக்கும்.

1994 அக்டோபர் 10. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம். நூறு வருடம் முன்பு தாளில் கொடுத்ததைக் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது.

நிலம் போகட்டும், செத்தவனுக்கு வழியாவது உண்டா? பொதுத்தெரு எல்லோருக்கும் என்று 1924இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த இரட்டைமலை சீனிவாசன் இதே பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, பட்டா நிலத்தின் வழியே போக விடாததால், தலித் ஒருவரின் பிணத்தைக் கயிறு கட்டிப் பாலாற்றுப் பாலத்திலிருந்து இறக்கினார்கள். அதே பாலாறுதான் நம் ஊரையும் தாண்டிப் போகிறது.

நான் வங்கி கவுண்டரில் உட்காருகிறவன். செத்தவர் கணக்கை முடிக்க வருகிறவர்களிடம் வாரிசுச் சான்று கேட்பது என் வேலை. முப்பாட்டனுக்கு நான் வாரிசு என்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? போன மாதம் போய்ப் பார்த்தேன். பனைமரம் இல்லை. மேட்டை ஒட்டி பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. முப்பாட்டன் பெயரை ஆயாவிடம் நான் கேட்டு வைக்கவேயில்லை. டிகிரி வாங்கினேன், கவிதை எழுதினேன், இதைக் கேட்கவில்லை.

தோழர்களே, நீங்கள் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள். சேரியில் மிச்சமிருக்கும் கிழவன் கிழவிகளிடம் போய் உட்காருங்கள். யார் எங்கே புதைந்திருக்கிறார், எல்லை எது, நிலம் யார் கைக்கு எப்படிப் போனது என்று அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். தாலுகா ஆபீசில் பழைய பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 2005இலிருந்து அந்தச் சட்டம் இருக்கிறது. வந்ததை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து கவிதைக்கு முன்னால் அதைத்தான் அச்சிடுவோம்.

சீக்கிரம் செய்யுங்கள். ஆயாக்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.