கணக்கு நோட்டு யார் கையில்?

2020 ஏப்ரலில் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் போட்டு ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 9.99 சதவீதம் வாங்கியது. சிறு கடைகளுக்கு உதவத்தானாம். ஜூலையில், விளம்பரச் சந்தையில் அதன் எதிரியான கூகுளும் 33,737 கோடியோடு அதே வாசலுக்கு வந்தது. எதிரிகள் எப்படி ஒரே பந்தியில்? அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் முழுசாகப் பிடிக்காத தெருமுனை மளிகைக்கடைக்குப் போகிற வழி ரிலையன்ஸ் கையில் இருப்பதாக நினைத்தார்கள். கூட்டாளியைத் தேடும்போது கம்பெனி நட்பைப் பார்ப்பதில்லை. சாவி யாரிடம் என்றுதான் பார்க்கும்.

எங்கள் ஆலங்குடிப் பக்கம் கடைக்காரர் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில்தான் சாமான் லிஸ்ட் வாங்குகிறார். நடுவில் ஜியோமார்ட் எதற்கு? யார் என்ன வாங்குறாங்கன்னு பார்க்கிற ரிலையன்ஸே பக்கத்து ஊரில் சூப்பர் மார்க்கெட்டும் நடத்துது. இதுக்குப் பேரு உதவியா? மென்பொருள் எழுதுகிறவனாகச் சொல்கிறேன்: ஆப் இலவசம்னா வாங்கிக்கங்க அண்ணே, கணக்கு நோட்டை மட்டும் கொடுத்துடாதீங்க.