ஜனனிக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்



2024 டிசம்பர் 23 அன்று சன் டிவியில் ‘எதிர்நீச்சல்’ தொடரின் இரண்டாம் பாகமான ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ ஆரம்பமானது. மறுநாள் எங்கள் ஊரில் சின்ன வெங்காயம் ஆய்கிற இடத்தில் ஒரே பேச்சு: “இந்தப் பொண்ணு ஜனனியே இல்ல.” முதல் பாகத்தில் நாயகி ஜனனியாக நடித்த மதுமிதா இருந்த இடத்தில் பார்வதியைப் பார்க்க யாருக்கும் மனம் ஒப்பவில்லை. கதை எப்படி, காட்சி எப்படி என்று ஒருவரும் பேசவில்லை.

2023 செப்டம்பரில் வீட்டை அடக்கி ஆளும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து காலமானபின் அந்தப் பாத்திரத்தில் வேல ராமமூர்த்தி வந்தபோதும் இப்படித்தான் பேசினார்கள். அதில் துக்கம் இருந்தது, அது நியாயமானது. இப்போது அப்படி இல்லையே! இன்னொருவர் பாத்திரத்தை ஏற்று நடிக்க வந்த பெண்ணை முதல் எபிசோடிலேயே தள்ளிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு மாதமாவது பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

இயக்குநர் திருச்செல்வத்திடம் கேட்க வேண்டியது வேறு. படித்த மருமகள்களை அடுப்படியில் முடக்கும் வீட்டின் கதை என்பதால்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் வேலையை ஒதுக்கிவிட்டு இதைப் பார்த்தார்கள். முதல் பாகத்தில் அவ்வளவு போராடியவர்களை எபிசோடு வளர்ப்பதற்காக மறுபடியும் குணசேகரன் முன்னால் அழவைக்காதீர்கள் ஐயா.

– ஒரு வாசகி,
செட்டிகுளம், பெரம்பலூர் மாவட்டம்.