அரை ரேட்டில் கொச்சி

டிசம்பரில் கொச்சிக்குப் போகிறவர்கள் பணக்காரர்கள். ஜூலையில் போகிறவர்கள் பி.காம். படித்தவர்கள்.

ஃபோர்ட் கொச்சிக்கு சீஸன் என்றால் டிசம்பர், ஜனவரிதான். வெள்ளைக்காரர்கள், புது வருஷ கார்னிவல், 2012-ல் தொடங்கிய பினாலே கலைக் கண்காட்சி எல்லாம் அப்போதுதான். ரூம் வாடகை கேட்டால், வீட்டையே விலைக்குக் கேட்டதுபோல் ஒரு தொகை சொல்வார்கள். அதே ரூம் ஜூலையில் பாதி விலை. காலியாகக் கிடக்கிற ரூமுக்கும் வரி உண்டு, கரண்ட் பில் உண்டு. அதனால் வருகிறவன் கொடுத்தது லாபம். 'மார்ஜினல் காஸ்ட்டிங்' என்று காலேஜில் ஒரு வருஷம் பூரா சொல்லிக் கொடுத்தும் புரியாதது, ஆலப்புழை எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த்தில் படுத்திருந்தபோது புரிந்தது.

மழை? நம் ஊர் மழை விருந்தாளி. கொச்சி மழை ஆபீஸ் உத்தியோகஸ்தர். ஒன்பது மணிக்கு ஆஜராகும், நடுவில் டீ குடிக்கப் போகும், திரும்பி வந்து ஓவர்டைம் பார்க்கும். குடையெல்லாம் மனசுக்கு ஆறுதலாக.

ஆனால் லாபம் உண்டு ஸார். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூதர் கோயிலின் தரை முழுக்க, கையால் வரைந்த நீல வெள்ளைச் சீன ஓடுகள். சீஸனில் அவற்றின்மேல் நிற்கிற கால்களைத்தான் பார்க்கலாம். நான் போனபோது நானும் காவலாளியும்தான். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். (வெள்ளி மதியத்துக்கு மேலும் சனிக்கிழமையும் உள்ளே விடமாட்டார்கள். வீக் எண்டில் ஊர் பார்க்கிற ஆபீஸ்வாசிகள் கவனிக்க.)

அடுத்து, செயின்ட் ஃபிரான்சிஸ் சர்ச். 1524-ல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடம். 1539-ல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது கல்தான். ஆஃப் சீஸன் பயணம் பற்றி அந்த மனிதரைக் கேட்டிருந்தால் நிறையச் சொல்லியிருப்பார். 1498-ல் ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து கிளம்பி, தென்மேற்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ள, 23 நாளில் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து சேர்ந்தார். திரும்பும்போது காற்று மாறும்வரை பொறுக்கவில்லை. அக்டோபர் ஆரம்பத்திலேயே பாயை விரித்தார். அதே கடலைத் தாண்ட மூன்று மாசம் ஆயிற்று. ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி வழியிலேயே செத்தவர்கள் பல பேர்.

அரபு வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு தலைமுறை தலைமுறையாகத் தெரியும். மிளகை வாங்கிக் கட்டிவைத்துவிட்டு, காற்று திரும்பும்வரை கரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆக, இந்தக் கரையில் சீஸன் என்பது டிராவல் ஏஜென்ட் கண்டுபிடித்ததல்ல. காற்று போட்ட டைம்டேபிள். கொச்சித் துறைமுகமே வெள்ளத்தின் உபயம்தான். 1341-ல் பெரியாறு பொங்கி, பழைய முசிறித் துறையைத் தூர்த்து, இங்கே வாயைத் திறந்துவிட்டது என்கிறார்கள்.

(சீன வலைகளைப் பற்றி எழுதவில்லை. காலண்டரில் பார்த்திருப்பீர்கள்.)

இதுவரை வரவு. பற்று என்று ஒன்று இருக்கிறதே.

ஊரிலேயே ஒரே டூரிஸ்ட்டாக நடந்து பாருங்கள். ஸ்டாண்டில் ஆறு ஆட்டோக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள். ஜூ டவுன் தெருவில் கடைக்குக் கடை வாசலில் ஒருவர். "வாங்கண்டா சாரே, பார்த்தா மதி" என்கிறார். ஒரு கடையில் ஏலக்காய் விலை கேட்டேன். நான் பேரத்துக்கு வாயெடுக்குமுன் அவரே குறைத்தார். சும்மா நின்றேன். இன்னும் குறைத்தார். ரங்கநாதன் தெருவில் பேரம் பழகியவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. முதலில் சொன்ன விலையையே கொடுத்துவிட்டு வந்தேன். (வீட்டில் சொல்லவில்லை. என் மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.)

ரூமில் பெட்ஷீட் ஈரவாடை அடித்தது. ஹோம் ஸ்டே சேச்சியிடம் சொன்னேன். "ஷீட் உணங்கியில்ல சாரே. வெயில் வேணுமே! டோபி கானாவுல போய் நோக்கு, நிங்ஙள்ட ஆள்காரு தான்."

போனேன். நம்ம ஆட்கள்தான். 18-ம் நூற்றாண்டில், படையின் உடுப்பைத் துவைக்க டச்சுக்காரர்கள் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூட்டிவந்த வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள். டச்சுக்காரன் போனான், பிரிட்டிஷ்காரன் போனான், இப்போது ஓட்டல் பெட்ஷீட். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள். கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்கு நடுவே துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது.

ஒரு பெரியவர் கூரைக்கடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"மழைக்காலம் கஷ்டமா இருக்குமே ஐயா?"

"ரெண்டு கஷ்டம் தம்பி. வெயில் இல்ல, துணி காயாது. ஆளு வர்றதில்ல, துணியே வராது."

'அப்போ ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சே' என்று எனக்குள் இருந்த கணக்குப்பிள்ளை முனகினான். அடக்கிவிட்டு, "நான்கூட அரை ரேட்டு ரூம்லதான் இருக்கேன்" என்றேன்.

"ரூம் அரை ரேட்டுன்னா ஷீட்டும் அரை ரேட்டுக்குக் கேப்பாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகி ஒரு துண்டு வெயில் விழுந்தது. நாலைந்து பேர் எழுந்து ஓடினார்கள். நானும் ஒரு மூலை பிடித்தேன். கயிற்றுக்குள் செருகத்தான் வரவில்லை, பெரியவர் வாங்கிச் செருகினார். ஏழாவது ஷீட் ஏறுவதற்குள் தூறல். அத்தனையும் மறுபடி கூரைக்கு.

மூச்சு வாங்க உட்கார்ந்தவர் கேட்டார்:

"மெட்ராஸ்ல வெயிலா தம்பி?"

"கொளுத்துதுங்க."

"கொடுத்து வச்சவங்க" என்றார்.