நள்ளிரவில் இறங்குகிறவருக்குப் பேருந்து எங்கே?

சென்னை விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் போகப் பொதுப் போக்குவரத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம். புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். 2016 முதல் மெட்ரோவும் ஓடுகிறது. அதிகபட்சம் 50 ரூபாய். ஆனால் யாருடைய நேரத்துக்கு ஓடுகிறது?

மெட்ரோ இரவு 11 மணியோடு ஓய்ந்து, காலை 5 மணிக்குத்தான் மறுபடி தொடங்குகிறது. வளைகுடா விமானங்கள் பலவும் இறங்குவது அந்த இடைவெளியில். நிலமும் நிரந்தர வேலையும் இல்லாமல் வடலூர், நெய்வேலி பக்கத்துச் சேரிகளிலிருந்து துபாய்க்கும் குவைத்துக்கும் போன நம் பிள்ளைகள் அவற்றில்தான் திரும்புகிறார்கள். அட்டைப்பெட்டியோடு ஜி.எஸ்.டி. சாலையில் நின்று எப்போதோ வரும் பேருந்தைப் பார்க்க வேண்டும். இல்லையேல் டாக்சிக்குக் கேட்டதைக் கொடுக்க வேண்டும்.

2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் முனையம் திறந்தது. வடலூர் பேருந்துகளும் அங்கே போய்விட்டன. விமான நிலையத்திலிருந்து அதுவரை மெட்ரோவை நீட்டும் திட்டம் மட்டும் பின்தங்கிவிட்டது. ஏழை எப்படியாவது வந்து சேர்வான் என்ற நினைப்பு!

தீண்டாமை பலகை மாட்டிக்கொண்டுதான் வரும் என்றில்லை, தோழர்களே. கால அட்டவணையாகவும் வரும்.

நாம் கேட்பது இதுதான்: பன்னாட்டு முனைய வாசலிலிருந்து எழும்பூருக்கும் கிளாம்பாக்கத்துக்கும் இரவு முழுவதும் சாதாரணக் கட்டணப் பேருந்து, மூட்டை வைக்க இடம், பெண்களுக்கு அதிலும் கட்டணமில்லாப் பயணம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: நள்ளிரவு 12 முதல் 4 மணி வரை எத்தனை விமானங்கள் இறங்குகின்றன, எத்தனை பேருந்துகள் ஓடுகின்றன? இரண்டு எண்களையும் அருகருகே எழுதி மனுக் கொடுப்போம்.